இரு வீட்டாரை இணைக்கும் திருமணச் சடங்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவினர், நண்பர் வீட்டுக் கல்யாணங்களில் பந்தக்கால் நடுவது முதல் மறுவீடு அழைப்பது வரை முன்நின்று வேலை செய்து வருபவள் என்பதால், தேதி குறித்த வீடுகளிலிருந்து ஒரே மாதிரியான கேள்விகள் எனக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலானவை, மணமக்களை மட்டுமின்றி இரண்டு வீடுகளையும் சேர்த்து வைக்கும் சடங்குகளைப் பற்றியவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் வழக்கம் மாறும் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

தாலி கட்டுவதுதானே திருமணம்? குடும்பங்களை இணைப்பதற்கென்று தனியாக ஒரு சடங்கு இருக்கிறதா?

அப்படி ஒன்றல்ல, பல இருக்கின்றன. அவை தாலி கட்டும் நேரத்துக்கு முன்னும் பின்னுமாக, பெரிதாகக் கவனிக்கப்படாத இடங்களில் இருக்கின்றன. தட்டு மாற்றுவது, பாலிகை தெளிப்பது, தாய்மாமன் மாலை போடுவது, நாத்தனார் முடிச்சு, சம்பந்திகள் ஒருவருக்கொருவர் சந்தனம் கொடுப்பது, மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுப்பது, மறுவீடு ஆகிய எல்லாமே அவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு சடங்கு குடும்பங்களை இணைக்கிறதா என்பதை அறிய நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதில் யார் யாருடைய கை படுகிறது என்று பார்ப்பேன். இரண்டு வீட்டுக் கைகளும் படுமானால் அது இணைப்புச் சடங்கு.

தாலியே அதற்கு நல்ல சான்று. கட்டுவதற்கு முன் அதைத் தேங்காயின் மேல் சுற்றி, மஞ்சள் அரிசி பரப்பிய தட்டில் வைத்து, மண்டபம் முழுவதும் கொண்டு செல்வார்கள். பெரியவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டிலிருந்து ஒரு பிடி அட்சதையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். முழங்கால் வலியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி, முதலில் வலக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பிறகு ஒரே ஒரு விரலால் அந்தத் தாலியைத் தொடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த விரல் பட்ட தாலிதான் சற்று நேரத்தில் மணமகளின் கழுத்தில் ஏறுகிறது. இப்போது பல மண்டபங்களில் நேரமில்லை என்று முதல் இரண்டு வரிசைகளோடு தட்டைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டு தட்டில் அட்சதையை வைத்து, தாலித் தட்டோடு இரண்டு பேரை அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. பெண் வீட்டார் அமர்ந்திருக்கும் பக்கத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளையையும், மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக்குப் பெண் வீட்டுப் பிள்ளையையும் அனுப்புவது இன்னும் நல்லது.

நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்வதற்கு என்ன பொருள்?

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், பழம், பூ, புடவை ஆகியவை வைத்த தட்டுகளை இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே நின்று மாற்றிக்கொள்கிறார்கள். இன்னாருடைய பேத்தியை இன்னாருடைய பேரனுக்கு இந்த நாளில் மணம் முடிப்பதாக லக்னப் பத்திரிகை எழுதி, அதைச் சபையில் உரக்கப் படிக்கிறார்கள். கைமாறுவது பொருள் அன்று, வாக்கு. கொடுத்த வாக்கைத் தாங்கும் சாட்சியாக வெற்றிலை பாக்கு இருப்பதால்தான் அதற்கு நிச்சயதாம்பூலம் என்று பெயர்.

இதே வாக்கை வெவ்வேறு சமூகங்கள் வெவ்வேறு விதமாகக் கட்டி வைத்திருக்கின்றன. கொங்கு நாட்டில் சம்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாக உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் என்ற ஆவணம் எழுதப்படுகிறது. முன்பு ஓலையில் எழுதப்பட்டு இப்போது தாளில் எழுதப்படும் அது, இரு வீட்டாரின் இசைவையும் எழுத்தில் நிறுத்துகிறது. யாழ்ப்பாணத்தில் பொன்னுருக்கு என்று ஒரு நாளே ஒதுக்கப்படுகிறது. மணமகன் வீட்டில், இரு பக்கத்து உறவினரும் கூடியிருக்க, ஆசாரி பொற்காசை உருக்குவார். உருகிய பொன்னைத் தட்டில் வைத்து வந்திருப்பவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். தாலி செய்யப்படுவதற்கு முன்பே அதன் பொன்னை இரு குடும்பமும் கண்ணால் கண்டுவிடுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மூன்று முடிச்சில் இரண்டை நாத்தனார் போடுவது ஏன்?

பல சமூகங்களில் முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற இரண்டையும் மணமகளின் பின்னால் நிற்கும் அவன் சகோதரி போடுகிறாள். உடன்பிறந்த சகோதரி இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள் அந்த இடத்தில் நிற்பாள். முடிச்சுகளுக்குப் பலரும் பலவிதமாக விளக்கம் சொல்வார்கள். நான் பார்ப்பது வேறு: புதிதாக வருகிற பெண்ணோடு உரசல் வரக்கூடிய உறவு என்று நம் ஊரில் எல்லோரும் சொல்லும் உறவு நாத்தனார் உறவுதான். அந்த நாத்தனாரின் கையாலேயே தாலியை முடியச் சொல்லியிருக்கிறார்கள். உன்னை என் அண்ணன் மட்டும் அழைத்து வரவில்லை, நானும் சேர்ந்துதான் அழைத்து வந்தேன் என்று அவள் தன் விரல்களால் சொல்கிறாள்.

அதனால், அந்த நிமிடத்தில் நாத்தனாரை ஒளிப்படக்காரர்கள் ஒதுங்கச் சொல்ல விடாதீர்கள். முடிச்சுப் போடுவது எப்படி என்று முதல் நாளே ஒரு மஞ்சள் கயிற்றில் அவளுக்குப் பழகிக் காட்டுங்கள். ஈர மஞ்சள் பூசிய கயிறு வழுக்கும். மணமகளின் பின்கழுத்தில் பூவும் நகைப் பட்டையும் வேறு இருக்கும். மேளம் கெட்டியாக ஒலிக்கும்போது கை பதறும்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பல ஊர்களில் கருகமணி என்னும் கறுப்பு மணி மாலையை மணமகளுக்கு அணிவிப்பவர் மாப்பிள்ளையின் தாயோ சகோதரியோதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்க்கமும் சடங்கும் வேறாக இருந்தாலும், புகுந்த வீட்டுப் பெண்ணின் கைதான் கழுத்தருகே வருகிறது.

தாய்மாமனுக்கு ஏன் இவ்வளவு முதன்மை?

திருமணத்தில் இணைவது இரண்டு குடும்பங்கள் என்று சொல்கிறோம், உண்மையில் நான்கு. மணமகனுக்கும் மணமகளுக்கும் தாய் பிறந்த வீடு ஒன்று இருக்கிறது. தந்தை வழிக் குடும்பப் பெயர் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வரும்போது தாய் வழி மறைந்துவிடாமல் இருக்கத் தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிறார், நெற்றியில் பட்டம் கட்டுகிறார், மாலை போடுகிறார். பிராமணக் குடும்பங்களில் மாலை மாற்றும்போது இரு பக்கத்து மாமன்மாரும் மணமக்களைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதே போன்ற இடம் மணமகளின் சகோதரனுக்கு உண்டு. மணப்பந்தலுக்கு வரும் மணமகனின் காலை அவன் கழுவ, மணமகன் அவனுக்கு மோதிரம் அணிவிக்கிறான். மாமனும் மைத்துனனும் பிற்காலத்தில் அந்தப் பெண்ணுக்காகப் பேசப் போகிறவர்கள் என்பதால் அவர்களை முதல் நாளே மேடையில் நிறுத்திவிடுகிறோம்.

பாலிகை தெளிப்பது எதற்காக? இப்போது அதைச் செய்ய முடியுமா?

நெல், உளுந்து, எள், கடுகு, பயறு போன்ற தானியங்களைப் பால் கலந்த நீரில் ஊற வைத்து, மண் நிரப்பிய ஐந்து சிறு கிண்ணங்களில் இரு வீட்டுப் பெண்களும் மாறி மாறித் தூவி நீர் தெளிப்பதுதான் பாலிகை. முளைத்த பின் அவற்றை ஆற்றிலோ குளத்திலோ கரைப்பார்கள். வீட்டில் கல்யாணம் நான்கைந்து நாள் நடந்த காலத்தில் முளை கண்ணெதிரே வளர்ந்தது. ஒரே நாளில் மண்டபத்தைக் காலி செய்யும் காலத்தில் முளைப்பதற்குள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுகிறோம்.

இதைக் கைவிடத் தேவையில்லை, சற்று முன்னால் நகர்த்தினால் போதும். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பெண் வீட்டிலோ மாப்பிள்ளை வீட்டிலோ இரு பக்கத்துப் பெண்களும் கூடித் தூவிவிட்டு, முளைவிட்ட கிண்ணங்களை மேடைக்குக் கொண்டு வரலாம். எந்தக் கிண்ணத்தில் யார் வீட்டு விதை விழுந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இணைவதைக் காட்ட இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. பயறு இரண்டு நாளில் முளைத்துவிடும், நெல்லுக்குக் கூடுதல் நாள் வேண்டும், எள்ளுக்கு அதிகத் தண்ணீர் ஆகாது.

வெளிநாட்டுத் திருமணங்களில் மணலைக் கலக்கிறார்கள், ஒரே மெழுகுவத்தியை இருவரும் ஏற்றுகிறார்கள். நாமும் செய்யலாமா?

அமெரிக்காவில் அண்மைப் பத்தாண்டுகளில் பரவிய வழக்கங்கள் அவை. இரு வீட்டுத் தாய்மாரும் ஆளுக்கொரு மெழுகுவத்தியை ஏற்ற, மணமக்கள் அந்த இரண்டு சுடரையும் எடுத்து நடுவில் உள்ள பெரியதை ஏற்றுவார்கள். மணல் சடங்கில், இரண்டு நிற மணலை ஒரே கண்ணாடிக் குடுவையில் ஊற்றுவார்கள். புலம்பெயர்ந்த தமிழர் வீட்டில் மணமக்களில் ஒருவர் அந்த நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவரானால், அவருடைய பெற்றோருக்கும் பொருள் விளங்கும் ஒரு சடங்கு மேடையில் இருக்க வேண்டியதுதான்.

இரு பக்கமும் தமிழ்க் குடும்பமாக இருந்தால், பாலிகையும் குத்துவிளக்கும் கையிருப்பில் இருக்கும்போது மணல் குடுவை வாங்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து முகக் குத்துவிளக்கில் இரண்டு முகங்களை ஒரு தாயும், இரண்டு முகங்களை மற்றொரு தாயும் ஏற்ற, ஐந்தாவதை மணமக்கள் சேர்ந்து ஏற்றலாம். விளக்கேற்றத் தெரியாத வீடு எது?

தாரை வார்ப்பதைச் செய்ய என் மகளுக்கு விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

தந்தை மகளின் கையை மணமகன் கையில் வைக்க, தாய் அதன் மேல் நீர் வார்ப்பது தாரை வார்த்தல். ஒரு பெண்ணைத் தானமாகக் கொடுப்பது என்ற சொல் இக்காலத்துப் பெண்களுக்கு உறுத்துகிறது, அந்த உறுத்தல் நியாயமானதே. பாட்டி மனம் வருந்துவாள் என்பதற்காக மணமகளை வாயடைக்க வைப்பது சரியன்று.

ஆனால், அந்தச் சடங்கை அப்படியே தூக்கி எறிவதற்கு முன் அதில் உள்ள நீரை ஒரு முறை பாருங்கள். மணமக்கள் கைகளின் மேல் வார்க்கப்படும் நீர், இரண்டு பேர் விரல்களுக்கு இடையே ஓடி ஒரே தாம்பாளத்தில் விழுகிறது. நான் உடனிருந்த ஒரு கல்யாணத்தில், மணமகளின் பெற்றோரும் மணமகனின் பெற்றோரும் எதிரெதிரே நின்றார்கள். மணமக்களின் கைகளை நான்கு பெற்றோரின் கைகளும் தாங்கி நின்றன. இரு தாய்மாரும் ஒரே செம்பைச் சேர்த்துப் பிடித்து நீர் வார்த்தார்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்ற பேச்சே அங்கே எழவில்லை. சடங்கு நடத்தி வைத்த பெரியவரிடம் ஒரு வாரத்துக்கு முன்பே பேசிச் சம்மதம் வாங்கியிருந்ததால் மேடையில் யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் முன்கூட்டியே பேசுங்கள். மணவறையில் உட்கார்ந்த பிறகு தொடங்கும் பேச்சு சண்டையாகத்தான் முடியும்.

மணமகனின் தாய் கணவரை இழந்தவர். அவர் எந்தச் சடங்கில் கலந்துகொள்ளலாம்?

எல்லாவற்றிலும். இந்தக் கேள்வி என்னிடம் வரும்போதெல்லாம் என் அத்தைதான் நினைவுக்கு வருகிறார். மகனுக்குப் பெண் பார்த்தது, பத்திரிகைக்கு மஞ்சள் தடவியது, ஊர் ஊராகப் போய் அழைத்தது எல்லாம் அவர்தான். முகூர்த்த நேரத்தில் மட்டும், யாரும் சொல்லாமலேயே, சமையற்கட்டுக்குப் போகும் வழியில் ஒரு தூணின் பின்னால் போய் நின்றுகொண்டார். மேடையில் மணமகனின் பெற்றோர் இடத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நின்றார்கள். தாலி கட்டி முடிந்து அட்சதை விழுந்தபோது அத்தையின் கையில் இருந்த அரிசி அப்படியே இருந்தது. அங்கிருந்து வீசினால் மேடை எட்டாது. இரு குடும்பங்கள் இணைந்தன என்று அன்று எல்லோரும் வாழ்த்தினார்கள். மணமகன் குடும்பத்தின் பாதி தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

சுமங்கலிகள் மட்டும்தான் தொட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினால் கெடுதல் வரும் என்று பயப்படுகிறவர்களிடம், பெற்ற தாயின் கையைவிட மங்கலமான கை எது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்தாமல் செய்தும் காட்டுங்கள். மணப்பெண்ணின் வீட்டார் முதலில் அழைப்பதுதான் இதற்கு நல்ல வழி. பெண்ணின் தாய் மேடையிலிருந்து இறங்கி வந்து சம்பந்தி அம்மாளின் கையைப் பிடித்து அழைத்துப் போனால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. பாதபூஜை, தாரை, அட்சதை, பால் பழம் ஆகிய நான்கிலும் அவருக்கு இடம் உண்டு என்பதை நிகழ்ச்சி நிரலில் பெயரோடு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் என் அத்தையைப் போல அவரே விலகிப் போய்விடுவார். மனைவியை இழந்த தந்தையை யாரும் தூணுக்குப் பின்னால் அனுப்புவதில்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இருவருக்கும் இது மறுமணம், பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது?

பிள்ளைகளைப் பார்வையாளர்களாக உட்கார வைக்காதீர்கள், அதே நேரத்தில் கட்டாயப்படுத்தவும் செய்யாதீர்கள். அவர்களிடம் தனியாக, முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயதுக் குழந்தை தாலித் தட்டை ஏந்த விரும்பலாம்; பதினைந்து வயது மகன் மேடைக்கே வர விரும்பாமல் இருக்கலாம், அதற்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும். மாலை மாற்றிய பின் மணமக்கள் அந்த மாலைகளிலிருந்தே ஒரு பூவைப் பிய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பாலும் பழமும் கொடுக்கும்போது ஒரே கிண்ணத்திலிருந்து எல்லோருக்கும் கொடுக்கலாம். இறந்துபோன தாய் அல்லது தந்தையின் படத்தின் முன் காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து விளக்கேற்றி வணங்கிவிட்டு மண்டபத்துக்குப் புறப்படுவது அவர்கள் மனத்துக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். அம்மா என்றோ அப்பா என்றோ அன்றே கூப்பிடச் சொல்லாதீர்கள்.

புரோகிதர் இல்லாமல் திருமணம் நடத்துகிறோம். அதில் குடும்பங்களை இணைக்கும் சடங்குக்கு இடம் உண்டா? சட்டம் என்ன சொல்கிறது?

நிறைய இடம் உண்டு. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததிலிருந்து தொடங்கும் சுயமரியாதைத் திருமணங்களில் மந்திரத்தின் இடத்தை உறவினரும் நண்பர்களும் கூடிய சபை எடுத்துக்கொண்டது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் நிறைவேறிய திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்வதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ செல்லும் என்கிறது அந்தப் பிரிவு. இரு சமயத்தார் மணக்கும்போது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்து, மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் முடிக்கலாம். அந்த மூன்று கையெழுத்தில் ஒன்றை ஒரு தாயும் மற்றொன்றை மறு தாயும் போடட்டும்; அதுவும் ஒரு சடங்குதான். எந்த முறையில் நடந்தாலும் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

இப்படி எளிமையாகச் செய்தால் மரபை விட்டுவிட்டதாகாதா என்று கேட்கும் பெரியவர்களுக்கு அகநானூற்றின் 86-ஆம் பாடலைச் சொல்லலாம். பந்தல் போட்டு, மணல் பரப்பி, விளக்கேற்றி, உளுந்து சேர்த்த பொங்கலோடு நடக்கும் கல்யாணம் அது. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் மேல் சொரிந்து வாழ்த்துகிறார்கள். அந்தப் பாடலில் தீ வளர்ப்பதும் இல்லை, தாலியும் இல்லை. உறவுப் பெண்களின் கைகள் இருக்கின்றன.

சீர் வரிசையால் இரு வீட்டுக்கும் மனக்கசப்பு வந்துவிட்டது. இதைத் தவிர்ப்பது எப்படி?

தட்டுகளை எண்ணத் தொடங்கும் இடத்தில் சீர் வரதட்சணை ஆகிவிடுகிறது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரு வீட்டாரும் ஒரே எண்ணிக்கையில், பூ, பழம், இனிப்பு, மஞ்சள், குங்குமம் மட்டும் வைப்பது என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு படி மேல் என்ற நினைப்பு சம்பந்தி மரியாதையிலும் நுழைந்துவிடும். ஒருவர் மட்டும் சந்தனம் கொடுத்து மற்றவர் வாங்கிக்கொள்ளும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், இரு பக்கமும் கொடுத்து வாங்குவதாக மாற்றுங்கள்.

மண்டபம் அரை நாள்தான். எதை விடலாம், எதை விடக்கூடாது?

நலங்கின் தேங்காய் உருட்டல், அப்பளம் உடைத்தல், குடத்து நீரில் மோதிரம் எடுத்தல் ஆகியவற்றை முதல் நாள் மாலையோ மறுநாள் வீட்டிலோ வைத்துக்கொள்ளலாம். வரவேற்பு மேடையில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கலாம். தாலித் தட்டு எல்லோரிடமும் போவதையும், நாத்தனார் முடிச்சையும், நான்கு பெற்றோருக்கும் மணமக்கள் சேர்ந்து செய்யும் பாதபூஜையையும், சம்பந்திகள் ஒரே பந்தியில் அருகருகே அமர்ந்து சாப்பிடுவதையும் விட்டுவிடாதீர்கள். கடைசியாகச் சொன்ன இதைத்தான் பெரும்பாலும் மறக்கிறோம்: பெண்ணின் பெற்றோர் விருந்தினரைக் கவனித்துவிட்டு மூன்று மணிக்கு ஆறிய சோற்றைச் சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையின் பெற்றோர் அவர்களை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைக்கும் வரை இலையில் கை வைக்காமல் காத்திருக்கலாம்.

கல்யாணம் முடிந்த பின் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

மறுவீடு இருக்கிறது. மணமக்கள் பெண் வீட்டுக்கு விருந்துக்கு வருவதோடு அது நின்றுவிடுகிறது. மாப்பிள்ளையின் பெற்றோரையும் தங்கையையும் சேர்த்து அழையுங்கள்; அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் பெண்ணின் பெற்றோர் போய் வரட்டும். மண்டபத்தில் பட்டுப்புடவையில் பார்த்த சம்பந்தியை நூல் புடவையில், அவர்கள் வீட்டு அடுப்படியில், காப்பி டம்ளரோடு பார்க்கும்போதுதான் பேச்சு இயல்பாக வரும். தாலி பிரித்துக் கோர்க்கும் நாளை இரு வீட்டுப் பெண்களும் கூடுவதற்கு வசதியான விடுமுறை நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புது மஞ்சள் கயிற்றில் உருக்களைக் கோர்க்கும்போது ஒன்றைப் பெண்ணின் தாயும் ஒன்றை மாமியாரும் எடுத்துக் கொடுக்கட்டும்.